ஒரு கைக்கு எட்டுவது

அண்ணி: அந்தப் பெட்டியைத் தொடாத. நம்ம கண்ணு எதுல விழுதுன்னு கடைக்காரரு அங்கிருந்தே பார்த்துக்கிட்டிருக்காரு.

கொழுந்தன்: பார்க்கத்தானே அண்ணி வந்தோம்.

அண்ணி: பார்க்கலாம். ஆசையாப் பார்க்கக் கூடாது. நான் கத்திரிக்காயைப் பார்க்கற மாதிரி பாரு... இதெல்லாம் ஒரு பொருளாங்கற மாதிரி.

கொழுந்தன்: அப்படிப் பார்த்தா அவரு மூஞ்சியைத் திருப்பிக்குவாரு. அப்புறம் ஒரு வயரைக் கூட எடுத்துக் காட்ட மாட்டாரு.

கடைக்காரர்: வாங்க சார், வாங்க மேடம். படி ஏறி வந்திருக்கீங்க, முதல்ல உட்காருங்க. என்ன பார்க்கறீங்க?

அண்ணி: சும்மாதான்.

கொழுந்தன்: பீட் பண்றதுக்குங்க... தாளம் போட்டுப் பதிவு பண்றது, வீட்டுலயே வச்சு. புதுசா ஆரம்பிக்கறேன். பட்ஜெட் ரொம்பச் சின்னது.

அண்ணி: போச்சு. எல்லாத்தையும் கொட்டிட்டான்.

கடைக்காரர்: சின்ன பட்ஜெட்னா கவலையே படாதீங்க சார். நீங்க பார்த்துக்கிட்டிருந்தீங்களே, அதே பெட்டிதான். உள்ள மைக் இருக்கு, ஹெட்போன் இருக்கு, மைக்கை லேப்டாப்ல இணைக்கற இன்டர்ஃபேஸ் இருக்கு, ஸ்டாண்டு இருக்கு. ஒரே பெட்டியில மொத்த ஸ்டுடியோ.

அண்ணி: பெட்டி மேல ஒரு பொண்ணு கண்ணை மூடிப் பாடுது. இவன் அப்படிப் பாடினா கீழ் வீட்டுக்காரங்க வீட்டைக் காலி பண்ணிடுவாங்க.

கொழுந்தன்: நான் பாடப் போறதில்லங்க. மைக் வேண்டாம். மைக் வேண்டாம்னா இன்டர்ஃபேஸும் இப்போதைக்குத் தேவையில்லதானே?

கடைக்காரர்: இப்போதைக்குன்னா... தேவையில்லதான். நாளைக்கு யாராவது பாட வந்தா?

கொழுந்தன்: நாளைக்கு வந்து வாங்கிக்கறேன்.

கடைக்காரர்: சார் விவரமாத்தான் வந்திருக்கீங்க. முன்னாடியே வாசிக்கறவரோ?

அண்ணி: டிரம்மர். மேடைக் கச்சேரியில. ஆர்மோனியக்காரரு தடுமாறினா, பாட்டுக்காரரு வரியை மறந்தா, எல்லாரையும் இழுத்துக்கிட்டு வந்து கரை சேர்க்கறது இவன்தான்.

கொழுந்தன்: அண்ணி...

அண்ணி: உண்மையைத்தானே சொல்றேன்.

கடைக்காரர்: டிரம்மரா! அப்ப பேச்சே இல்ல. பதினாறு பேடு இருக்கற இதைப் பாருங்க. ரப்பர் எப்படி இருக்கு பாருங்க. மெதுவாத் தட்டினா மெதுவாக் கேட்கும், ஓங்கித் தட்டினா ஓங்கிக் கேட்கும். ரெண்டு கையாலயும் அடிச்சுப் பாருங்க சார். தயங்காதீங்க, உடைஞ்சா நான் பார்த்துக்கறேன்.

கொழுந்தன்: இந்தக் கை இப்ப கொஞ்சம் ரெஸ்ட்ல இருக்குங்க.

அண்ணி: போன மழையில பைக் சறுக்கி விழுந்துட்டான். எங்க வீட்டுக்காரர்தான் ஓட்டினாரு, இவன் பின்னாடி உட்கார்ந்திருந்தான். அவருக்கு ஒரு சிராய்ப்பு கூட இல்ல. இவனுக்குத் தோள்ல இருந்து இறங்கற நரம்பு போயிடுச்சு. ஆபரேஷன் எல்லாம் பண்ணியாச்சு. சரியாயிடும். நரம்பு வளர்றதுக்குத்தான் நேரம் எடுக்குதாம்.

கொழுந்தன்: ஆமா. அதுவரைக்கும் சும்மா உட்கார்ந்திருக்க வேண்டாமேன்னுதான்.

கடைக்காரர்: ஐயோ, தெரியாம கேட்டுட்டேன் சார். சீக்கிரம் சரியாயிடும். என் மச்சானுக்குக் கூட ஒரு தடவை முழங்கால்ல...

அண்ணி: இவனுக்குக் கைங்க.

கடைக்காரர்: சரிதான், சரிதான். அப்ப இடது கையாலயே அடிச்சுப் பாருங்க.

கொழுந்தன்: ம்... ரப்பர் நல்லாத்தான் இருக்கு. ஆனா பதினாறுல பாதிக்கு விரல் எட்டல. எட்டிப் போறதுக்குள்ள தாளம் போயிடுது.

கடைக்காரர்: ரெண்டாவது கை வந்ததும் எட்டும் சார்.

கொழுந்தன்: ...இதைவிடச் சின்னதா ஒண்ணு இல்லைங்களா? திருகற இந்த நாபெல்லாம் வேற வலது பக்கத்துல இருக்கு. இடது பக்கம் இருக்கற மாதிரி?

அண்ணி: கை சரியானதும் வலது பக்கம்தானேடா வசதி?

கொழுந்தன்: ...ஆமா. அதுவும் சரிதான். சும்மா கேட்டேன்.

கடைக்காரர்: அப்படின்னா இதைப் பாருங்க. குட்டி கீபோர்டு. ரெண்டே ரெண்டு ஸ்வரத் தொகுதிக்குத்தான் கட்டை இருக்கு, மேல எட்டு பேடு. மடியிலயே வச்சுக்கலாம். நாபும் எட்டு, பேடுக்குப் பக்கத்துலயே இருக்கு. கட்டையில பாஸ்னு கனமான அடி ஸ்வரம் வாசிக்கலாம், மெட்டுப் போடலாம். ஆரம்பிக்கறவங்க முக்கால்வாசிப் பேர் இதைத்தான் எடுத்துட்டுப் போறாங்க.

அண்ணி: இதைத் திறந்து பார்த்தா உள்ள ஒண்ணும் இருக்காது போல. பொம்மைக் கடையில விக்கற மாதிரி இருக்கு.

கடைக்காரர்: சத்தம் இதுக்குள்ள இருக்காது மேடம். லேப்டாப்லதான் இருக்கும். இது சும்மா சொல்லிவிடற ஆளு. இதைத் தட்டினா, அங்க டிரம்ஸ் அடிக்கும்.

அண்ணி: அப்ப எங்க ஆபீஸ் மேனேஜர் மாதிரி.

கடைக்காரர்: மேடம் எங்க வேலை பார்க்கறீங்க?

அண்ணி: ஆஸ்பத்திரி லேப்ல. ரத்தம் எடுக்கறது. அதனால விலையைப் பார்த்துச் சொல்லுங்க, என்னைக்காவது நீங்களும் கையை நீட்டிக்கிட்டு வருவீங்க.

கடைக்காரர்: சிரிக்க வைக்கறீங்க, ஆனா பயமாவும் இருக்கு.

கொழுந்தன்: லேப்டாப் அண்ணனோடது ஒண்ணு பழசா கிடக்குங்க. ஓடுமா?

கடைக்காரர்: ஆன் ஆகுதா?

கொழுந்தன்: ஆகுது. ஃபேன் கொஞ்சம் கத்தும்.

கடைக்காரர்: போதும். இந்தக் கீபோர்டோட ஒரு சாஃப்ட்வேர் இலவசமா வரும். அதுல எட்டுப் பத்து டிராக் வரைக்கும் ஓட்டலாம். காசு குடுத்து வாங்கறதெல்லாம் அதை முழுசாக் கத்துக்கிட்டு, இது பத்தலன்னு தோணும்போது பார்த்துக்கலாம்.

அண்ணி: மவுஸ்... இடது கைக்குன்னே தனியா விக்கறாங்களாமே?

கொழுந்தன்: அது எதுக்கு அண்ணி? கொஞ்ச நாளைக்குத்தானே.

அண்ணி: ஆமா, கொஞ்ச நாளைக்குத்தான். எங்கயோ வீடியோவுல பார்த்தேன், அதான் வாய்ல வந்துடுச்சு.

கடைக்காரர்: அதெல்லாம் வேண்டாம் மேடம். சாதாரண மவுஸை இடது பக்கம் வச்சு செட்டிங்ல மாத்திக்கலாம்.

கொழுந்தன்: ஷார்ட்கட் பட்டனெல்லாம் கூட மாத்திக்கலாமா? பதிவு பண்றது, நிறுத்தறது... எல்லாத்தையும் இந்தப் பக்கத்துக்கு?

கடைக்காரர்: மாத்தலாம் சார். எல்லாத்தையும் மாத்தலாம்.

அண்ணி: ஸ்பீக்கர்? நான் பார்த்த வீடியோவுல ஒரு ஜோடி ஸ்பீக்கர் இல்லாம எவனுமே பேசலையே.

கடைக்காரர்: ரூம் எப்படி மேடம்?

அண்ணி: ரூம்னு சொல்ல முடியாது. ஒரு கட்டில், ஒரு பீரோ, துணி காயப்போடற ஸ்டாண்டு. ஜன்னலைத் திறந்தா எதிர்வீட்டு ஜன்னல்.

கடைக்காரர்: அப்ப ஸ்பீக்கர் இப்ப வேண்டாம். சின்ன ரூம்ல பாஸ் பொய் சொல்லும். ஒரு மூலையில உட்கார்ந்தா அதிகமாக் கேட்கும், இன்னொரு மூலையில காணாமப் போயிடும். அந்தக் காசுக்கு ஒரு நல்ல ஹெட்போன் எடுங்க.

கொழுந்தன்: காதை முழுசா மூடற மாதிரி குடுங்க. வயர் இருக்கணும்.

அண்ணி: வயரா? இப்ப யாருடா வயர் வாங்கறாங்க?

கொழுந்தன்: வயர் இல்லாததுல அடிச்சதுக்கு அப்புறம்தான் கேட்கும். அடிக்கும்போதே கேட்கணும் அண்ணி. நூல் அளவு தள்ளிக் கேட்டாக் கூட என் கை நின்னுடும்.

கடைக்காரர்: சார் சரியாச் சொன்னீங்க. இந்தாங்க, மாட்டிப் பாருங்க. இருங்க, லேப்டாப்பை ஆன் பண்றேன்... ம், இப்பத் தட்டுங்க.

கொழுந்தன்: ...ஸ்னேர் டிரம் நல்லா இருக்கு. ஹை-ஹேட் சிம்பலும்... ஆனா கால்ல மிதிக்கற கிக் டிரம்மையும் இதே கையால அடிச்சா, மத்ததுக்கு விரல் பத்தல. கிக்கைத் தனியாப் பதிவு பண்ணி மேல ஒட்டணும் போல.

கடைக்காரர்: ஒட்டலாம். நிறையப் பேர் அப்படித்தான் பண்றாங்க... சார், உங்களுக்குக் கால் நல்லா இருக்குல்ல?

கொழுந்தன்: கால் நல்லாத்தான் இருக்கு.

கடைக்காரர்: இதுக்குப் பின்னாடி ஒரு ஓட்டை இருக்கு பாருங்க. கீபோர்டு வாசிக்கறவங்க மிதிக்கற பெடலை இதுல சொருகலாம், இப்படி. சாஃப்ட்வேர்ல அந்தப் பெடலைக் கிக்குக்கு மாத்திக் குடுத்துட்டா... ஒரு நிமிஷம்... இந்த மெனுவுலதான்... இதோ. மிதிங்க.

கொழுந்தன்: டும்னுது!

கடைக்காரர்: ஒரே ஒரு குறை. ஓங்கி மிதிச்சாலும் மெதுவா மிதிச்சாலும் ஒரே சத்தம்தான் வரும்.

கொழுந்தன்: பரவாயில்லங்க. ஏத்தி இறக்கறதை நான் கையில பார்த்துக்கறேன். ஹெட்போனை எடுத்துடுங்க, வெளியிலயே கேட்கட்டும்... இருங்க... கால்ல ஒண்ணு... கையில... ம்... ம்... இப்ப...

கடைக்காரர்: சத்தத்தைக் கொஞ்சம் கூட்டறேன் சார். நிறுத்தாதீங்க.

அண்ணி: ...ஏய்.

கடைக்காரர்: அங்க கிட்டார் பார்த்துக்கிட்டிருந்தவரு திரும்பி நிக்கறாரு பாருங்க மேடம்.

அண்ணி: ம்.

கடைக்காரர்: கடையில யாராரோ வந்து தட்டுவாங்க. பெரும்பாலும் தலைவலிதான். இது... சார், போதும் போதும், கேஷ் கவுண்டர்ல இருக்கற பொண்ணு வேலையை விட்டுட்டுத் தலையாட்டுது.

கொழுந்தன்: மன்னிச்சுக்குங்க. ரொம்ப நாள் ஆச்சுல்ல... கால் தன்னால போகுது.

அண்ணி: இரு, போன் அடிக்குது... ஹலோ... ம்... இன்னும் பில் போடல... ஆமா, பெடல் இருக்கு, இருக்கு. கால்ல மிதிக்கறது... ம். ஒரு கையாலயே... என்ன? இல்ல, இங்கதான், பக்கத்துலதான் நிக்கறான். சரி, வச்சுடறேன்.

கொழுந்தன்: அண்ணனா? என்னவாம்?

அண்ணி: கீழ டீக்கடையில கூட்டம் இல்லையாம். குடிக்கறீங்களான்னு கேட்கறாரு.

கொழுந்தன்: மேல வந்து பார்க்கச் சொல்லுங்களேன். நான் வாசிச்சதைக் கேட்டிருக்கலாம்.

அண்ணி: கேட்டாரு. ஜன்னல் வழியா கீழ வரைக்கும் கேட்டுச்சாம்.

கடைக்காரர்: அப்ப கீபோர்டு, ஹெட்போன், பெடல். மூணுதான். மைக்குக்கும் ஸ்பீக்கருக்கும் ஆசை காட்டி உங்களை ஏமாத்த நான் தயாரா இல்ல.

அண்ணி: ஆரம்பத்துல தயாராத்தான் இருந்தீங்க.

கடைக்காரர்: அது வியாபாரம் மேடம். கீபோர்டுக்கு ஒரு வருஷம் வாரண்டி. இன்னொண்ணும் சொல்றேன், சார் வாசிச்சதுக்காக. கை சரியாகி நீங்க மறுபடி டிரம்ஸுல உட்கார்ந்ததும் இது உங்களுக்குத் தேவைப்படாது. அப்பக் கொண்டாங்க, நல்ல விலைக்கு நானே எடுத்துக்கறேன்.

கொழுந்தன்: இல்லைங்க, வேண்டாம்.

அண்ணி: வேண்டாம்.

கடைக்காரர்: ...என்ன, ரெண்டு பேரும் ஒரே தாளத்துல சொல்றீங்க?

அண்ணி: இல்ல... ஒரு தடவை வாங்கினதைத் திருப்பிக் குடுக்கற பழக்கம் எங்களுக்கு இல்ல.

கொழுந்தன்: ஆமா. சும்மா வீட்டுல கிடக்கட்டும்.

கடைக்காரர்: உங்க இஷ்டம். இது டிஸ்ப்ளேல வச்சது. உள்ள போய்ப் புதுப் பெட்டியா எடுத்துட்டு வர்றேன். பெடல் அடியில எங்கயோ இருக்கும், கொஞ்சம் நேரம் ஆகும்.

அண்ணி: மெதுவா வாங்க.

கொழுந்தன்: ...நல்ல மனுஷன்தான்.

அண்ணி: ம். பில்லை நான் குடுக்கறேன். நீ வாயைத் திறக்காத.

கொழுந்தன்: இல்ல அண்ணி. நான் வச்சிருக்கேன்.

அண்ணி: உன்கிட்ட ஏது? கச்சேரிக்குப் போய் வருஷம் ஆகப் போகுது.

கொழுந்தன்: இருக்கு.

அண்ணி: யார்கிட்ட வாங்கின?

கொழுந்தன்: யார்கிட்டயும் வாங்கல.

அண்ணி: பையைக் காட்டு. ...என்னடா இது, இவ்வளவு? தம்பி, எங்கிருந்து வந்துச்சு இது?

கொழுந்தன்: மெதுவாப் பேசுங்க.

அண்ணி: சொல்லு.

கொழுந்தன்: செட்டைக் குடுத்துட்டேன்.

அண்ணி: எந்த செட்டை?

கொழுந்தன்: என்கிட்ட எத்தனை இருக்கு? டிரம்ஸ் செட்டுதான். குழுவோட குடோன்ல சும்மாதானே தூசி பிடிச்சுக் கிடந்துச்சு. எனக்குப் பதிலா வாசிக்கறானே, புதுப் பையன், அவனுக்கு. வாடகை செட்டு வச்சு அடிச்சுக்கிட்டிருந்தான். சிம்பல் எல்லாம் சேர்த்துக் கேட்டான். குடுத்துட்டேன்.

அண்ணி: ...ஸ்டூலுமா?

கொழுந்தன்: ஸ்டூலும்தான்.

அண்ணி: அந்த செட்டுக்காக நீ கல்யாணத்தையே தள்ளிப் போட்ட. எங்க யாரையும் தொட விடமாட்ட. கை சரியானதும் எதுல வாசிப்ப?

கொழுந்தன்: கை சரியாகாது அண்ணி.

அண்ணி: ...யாரு சொன்னா?

கொழுந்தன்: யாரும் சொல்லல. யாரும் சொல்லவும் மாட்டாங்க. போன மாசம் அந்த டெஸ்ட் எடுத்தாங்கல்ல... ஊசி குத்தி, மிஷின்ல பார்ப்பாங்களே.

அண்ணி: ம்.

கொழுந்தன்: அந்த மிஷினுக்கு ஸ்பீக்கர் உண்டு. உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும். சதையில ஊசியைக் குத்திட்டு, கையை அசைங்கம்பாங்க. முதல்ல நல்ல கையில குத்தினாங்க. தகரக் கூரை மேல மழை பெய்யற மாதிரி சத்தம், சடசடன்னு. நல்லாத்தான் இருந்துச்சு கேட்க. அப்புறம் இந்தக் கைத் தோள்ல குத்தினாங்க, தூறல் மாதிரி வந்துச்சு. முழங்கைக்குக் கீழ... ஒண்ணு ரெண்டு சொட்டு. அப்புறம் கட்டை விரலுக்குக் கீழ குத்திட்டு, மடக்குங்கன்னாங்க. மடக்கறேன் மடக்கறேன், பல்லைக் கடிச்சுக்கிட்டு மடக்கறேன். ஸ்பீக்கர்ல ஒண்ணுமே இல்ல. டெஸ்ட் எடுத்த பொண்ணு சத்தத்தைக் கூட்டி வச்சா. அப்பவும் இல்ல. சும்மா... கரண்ட் ஓடற இரைச்சல் மட்டும்.

அண்ணி: அது ஒரு தடவை எடுத்த டெஸ்ட்தானே...

கொழுந்தன்: அண்ணி, நான் காதை வச்சுப் பிழைக்கறவன். எங்க சத்தம் வரும், எங்க வராதுன்னு எனக்குத் தெரியாதா? குச்சியைப் பிடிக்கறதே அந்த விரல்தான்.

அண்ணி: அப்ப அன்னைக்கே...

கொழுந்தன்: அன்னைக்கே தெரிஞ்சுடுச்சு. வர்ற வழியில உங்ககிட்ட எக்ஸ்ட்ரா சட்னி கேட்டுச் சண்டை போட்டேனே, ஞாபகம் இருக்கா? சாதாரணமா இருக்கற மாதிரி காட்டிக்கணும்னு.

அண்ணி: நானும் சாதாரணமா இருக்கற மாதிரிதான் திட்டினேன்.

கொழுந்தன்: ...நீங்களுமா?

அண்ணி: ம்.

கொழுந்தன்: தெரிஞ்சுதான் இருந்தீங்களா இத்தனை நாளா?

அண்ணி: தெரியும்.

கொழுந்தன்: அதானே. அதே ஆஸ்பத்திரியில வேலை பார்க்கறீங்க. இன்னைக்கு இடது கை மவுஸுன்னதுமே நினைச்சேன்.

அண்ணி: நீ நாபை இடது பக்கம் கேட்டப்ப எனக்கும் பக்குன்னுச்சு. ஆனா நம்ப மனசு வரல.

கொழுந்தன்: அப்ப ஏன் ஒண்ணும் சொல்லல?

அண்ணி: நீ நம்பிக்கிட்டிருக்கன்னு நினைச்சேன். ரப்பர் பந்தை அமுக்கறதும், ஒத்தடம் குடுக்கறதும்... காலையில நான் எழுந்திரிக்கறதுக்கு முன்னாடியே உட்கார்ந்து பண்ணிக்கிட்டிருப்ப. அதைப் பார்த்துக்கிட்டு எந்த வாயால சொல்றது?

கொழுந்தன்: அது அண்ணன் பார்க்கறதுக்காகப் பண்றது. ...அழாதீங்க. கடைக்காரரு பெட்டியோட வந்தாருன்னா விலை ஜாஸ்தின்னு அழறீங்கன்னு நினைப்பாரு.

அண்ணி: அழல. கடையில தூசி.

கொழுந்தன்: எனக்கு ஒண்ணும் இல்ல அண்ணி. நிஜமா. முதல் வாரம் கஷ்டமா இருந்துச்சு. குச்சியை எடுத்து எடுத்துப் பார்த்தேன், நழுவிக்கிட்டே இருந்துச்சு. அப்புறம் ஒரு நாள் சோத்துத் தட்டு ஓரத்துல இடது கையால தட்டிக்கிட்டிருந்தேன். நல்லாத்தான் வந்துச்சு. அப்பத்தான் இது தோணுச்சு. இப்பக் கேட்டீங்கல்ல, எப்படி இருந்துச்சு?

அண்ணி: அதை வேற என் வாயால சொல்லணுமா? கேஷ் கவுண்டர் பொண்ணே தலையாட்டுச்சு.

கொழுந்தன்: நீங்க சொல்லுங்க.

அண்ணி: நல்லா இருந்துச்சுடா. ரொம்ப நல்லா இருந்துச்சு.

கொழுந்தன்: போதும்.

கடைக்காரர்: இதோ வந்துட்டேன் சார்! பெடல் ஒண்ணே ஒண்ணுதான் இருந்துச்சு, உங்களுக்குன்னே ஒளிஞ்சிருந்த மாதிரி. பிரிச்சுக் காட்டவா?

அண்ணி: வேண்டாங்க. பையில போட்டுக் குடுங்க. ஹெட்போன் வயர் மடங்காமப் பார்த்துக்குங்க.

கடைக்காரர்: பில் யாரு பேருல மேடம்?

அண்ணி: இவன் பேருல. காசு இவன்தான் குடுக்கறான்.

கடைக்காரர்: ரொம்பச் சந்தோஷம். கவுண்டர்ல வாங்கிக்குங்க. சார், முதல் பாட்டு முடிஞ்சதும் கொண்டுவந்து போட்டுக் காட்டணும்.

கொழுந்தன்: கண்டிப்பா.

அண்ணி: பையை என்கிட்ட குடு. படி செங்குத்தா இருக்கு.

கொழுந்தன்: நானே தூக்கறேன். ...ஒரு நிமிஷம் அண்ணி. இங்கயே நில்லுங்க. கீழ போறதுக்கு முன்னாடி ஒண்ணு.

அண்ணி: என்ன?

கொழுந்தன்: அண்ணனுக்கு மட்டும் தெரியக் கூடாது. டெஸ்ட் முடிஞ்சு டாக்டர் ரூமுக்குள்ள போயிட்டு, சிரிச்சுக்கிட்டே வெளிய வந்தாரு. "நல்லா இருக்காம்டா, கொஞ்ச நாள்ல குச்சி பிடிச்சுடுவியாம்"னாரு. வண்டி ஓட்டின ஆள் மனசு உடைஞ்சு போயிடும்னு டாக்டர் அப்படிச் சொல்லி அனுப்பியிருக்கணும். அவரு அப்படியே நம்பிக்கிட்டிருக்காரு, பாவம். நம்பட்டும். நீங்க எதையும் காட்டிக்காதீங்க. எனக்காக.

அண்ணி: டாக்டர் மறைக்கவே இல்ல தம்பி... எல்லாத்தையும் உங்கண்ணன்கிட்டதான் சொன்னாரு, உங்கண்ணன்தான் என்கிட்ட சொன்னாரு, சொல்லிட்டு இதே மாதிரிதான் கெஞ்சிக் கேட்டாரு, தம்பிக்கு மட்டும் தெரியக் கூடாதுன்னு.